கொட்டேஷனில் இல்லாத மலை

சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன் முப்பத்தேழு.
அழகாபுரம் வீட்டுக்கு
வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
இருபது வருஷத்துக்கும் ஒரே தாள்.
பாங்க் அடமானம் ஒன்று, அது தீர்ந்த ரசீது ஒன்று,
அதற்குக் கீழே வெள்ளை.

ஏழு மாசம் அங்கே வேலை செஞ்சேன் சார்,
பாக்கி நிக்குது,
இதுல எழுத முடியுமா?

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
வித்தா எழுதலாம். அடமானம் வச்சா எழுதலாம்.
கோர்ட்டு ஜப்தி பண்ணினா எழுதலாம்.
வேலை செஞ்சதுக்குக் கட்டம் இல்லப்பா.
முப்பத்தெட்டு!

ஒப்புக்கொண்டது
இரண்டு குளியலறை, ஒரு சமையலறை,
மொசைக்கைப் பெயர்த்து டைல்ஸ்.
ஒரு சாயங்காலம் சண்முகவடிவம்மா
காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
இந்தச் செவுத்துல ஒரு ஜன்னல் இருந்தா
ஏற்காடு மலை தெரியுமில்ல மாதேசு?
தெரியும்மா என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு
லிண்டல், கம்பி, நாலு ஆள் ஆறு நாள்,
செவ்வாய்ப்பேட்டையில் கடன் சொல்லி எடுத்த
தேக்குச் சட்டம்.
குறுக்கே வந்த தண்ணீர் லைனைக் கழற்றி
ஜன்னலுக்குக் கீழே வளைத்துக் கொண்டுபோனேன்.
பிளானில் அது கிடையாது.

இரும்பாலையில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர்
கோதண்டபாணி சார்.
கடைசி பில்லை மூன்று முறை படித்துவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டார்.
கொட்டேஷன்ல மலை எங்க இருக்கு, காட்டு.

வக்கீல் சொன்னார், நோட்டீஸ் விடலாம்,
தீர்ப்புக்கு முன்னாடியே ஜப்தி கேட்டுப் பாக்கலாம்.
எழுத்துல என்ன இருக்கு?
வாட்ஸப்பில் ஜன்னல் போட்டோவுக்குக் கீழே
அம்மா போட்ட கட்டைவிரல் இருக்கு சார்.
பெரிதாக்கிப் பார்த்தார்.
ரேகை இல்லையே என்றார்.
சிரித்தது அவர் மட்டும்தான்.

கொண்டலாம்பட்டி சிமெண்ட் கடைக்காரர்
வக்கீலிடம் போகவில்லை.
என் டைல்ஸ் கட்டிங் மிஷினை உள்ளே வைத்து
ஷட்டரை இறக்கினார்.
அவர் பாக்கிக்கு
அந்தப் பூட்டு போதும்.
ஒட்டிய ஓட்டைத் திரும்ப எடுத்தால் ஓடாகவா வரும்?
சுவரில் கலந்த மணலை
எந்த ஷட்டருக்குள் வைப்பேன் நான்?

ஐப்பசி மழைக்குள் ஒரு ராத்திரி
போன் வந்தது.
செவுரு ஊறுது மாதேசு.
ரெண்டு பிளம்பர் வந்து மூணு எடத்துல ஒடச்சாச்சு.
லைன் எங்க போகுது?

லைன் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள்
இந்த சேலத்தில் நான் ஒருவன்.
எட்டு விநாடி பேசாமல் இருந்தேன்.
பூட்டு என்றால் என்ன கனம் என்று
அப்போது தெரிந்தது.
பத்தாவது விநாடி வரைக்கும் இருந்திருக்கலாம்.
அம்மாவின் இருமல் பின்னால் கேட்டது.

ஐந்து ரோடு தாண்டி நனைந்துகொண்டே போனேன்.
ஜன்னலுக்கு ஒன்றரை அடி கீழே,
இடது பக்கம், வால்வு.
மூடினேன்.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சார் நின்றார்.

ஊறிய பட்டி அப்பளமாய் எழும்பி
ஒரு முழம் உதிர்ந்தது.
உள்ளே, பூச்சின் மேல், என் பென்சில்.
செல்லப்பன் ஆறு கோடு,
பாப்பாத்தி ஆறு கோடு,
பையன் ரெண்டு பேர், அவர்களுக்கும் கோடு.
அதற்குப் பக்கத்தில், சாய்வாக:
14ஆம் தேதி. எக்ஸ்ட்ரா ஜன்னல்.
அம்மா சொன்னது.

சார் படித்தார். வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
நாந்தான் சொன்னேன் என்றார் அம்மா,
ஈரத் துணியைப் பிழிந்தபடி,
யாரையும் பார்க்காமல்.

ஜன்னலில் மலை இல்லை, இருட்டு.
கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி விளக்கு
மறைந்து, தெரிந்து, மறைந்து
இறங்கிக்கொண்டிருந்தது.

லைனை நாளைக்கு மாத்திடறேன் சார் என்றேன்.
இந்த ஒரு முழத்துக்கு மட்டும்
பட்டி பாக்க மாட்டேன்.

கார்த்திகை முடியப் போகிறது.
இதுவரை வந்தது நாற்பதாயிரம்.
விருந்தாளிகள் வந்தால்
அங்கே ஒரு காலண்டர் மாட்டுகிறார்களாம்.